கார் குடிக்கும் தண்ணீர் எங்கே போகிறது?

மலாய் மொழியில் ‘பாக்கார்’ என்றால் எரித்தல், ‘ஆராங்’ என்றால் கரி. சுங்கைப் பட்டாணியின் பாக்கார் ஆராங் தொழிற்பேட்டைக்குக் காலையில் வரிசையாக வரும் கார்களின் உள்ளேயும் ஓர் எரிப்புதான் நடக்கிறது. பெட்ரோல் எரிந்து கிடைக்கும் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குகூடச் சக்கரத்தைச் சுழற்றப் பயன்படுவதில்லை. மீதி வெப்பத்தில் ஒரு பகுதி புகையோடு வெளியேறும். மற்றொரு பெரும்பகுதியைச் சுமந்து சென்று ரேடியேட்டரில் காற்றிடம் ஒப்படைப்பது சில லிட்டர் நீர்தான்.

அந்த நீர் குறைந்தால் நம்மில் பலர் செய்வது ஒன்றே: பின்பெட்டியில் ஒரு போத்தல் தண்ணீரை வைத்துக்கொண்டு தினமும் ஊற்றுவது. ஆனால், இது மூடிய சுற்று. கசிவு இல்லாத காரில் அடிக்கடி நீர் குறையாது. குறைகிறது என்றால் எங்கோ வழி இருக்கிறது.

பிரஷர் குக்கர் தத்துவம்

சாதாரண அழுத்தத்தில் நீர் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி உள்ளே சுமார் 1 பார் கூடுதல் அழுத்தத்தைத் தேக்குவதால் கொதிநிலை 120 பாகைக்கு உயர்கிறது. கூலண்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் அதை இன்னும் உயர்த்துவதோடு, அதில் சேர்த்த பொருள்கள் துருவையும் தடுக்கின்றன. பனி விழாத நம் நாட்டிலும் கூலண்ட் தேவைப்படுவது இதனால்தான்.

கசிவு ஏற்பட்டால் நீரோடு அழுத்தமும் போய்விடும். குனோங் ஜெராய் போன்ற சுமார் 1,200 மீட்டர் மலையில் சிறிய கியரில் ஏறும்போது வெப்பம் மிகுதி, எதிர்க்காற்றோ குறைவு. அங்கேதான் நீர் கொதித்து, அலுமினியத் தலைப்பகுதி வளையும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. நீர் முழுவதும் வற்றிவிட்டால், வெப்பமானியின் உணர்முனை நீரைத் தொடாமல் வெறும் காற்றில் நிற்கும். அப்போது முள் உயராமலே இருக்கலாம், இறங்கவும் செய்யலாம். முள் இறங்கியதும் பிழைத்தோம் என்று ஓட்டக்கூடாது.

துப்பறியும் முறை

முதலில் தரையைப் பாருங்கள். ஏர்கோன் போட்டு ஓட்டிய காரின் முன்பக்கப் பயணி இருக்கைப் பக்கம் சொட்டும் நிறமற்ற நீர், காற்றின் ஈரப்பதம் குளிர்ந்து சேர்ந்தது, அது கசிவல்ல. பச்சை, சிவப்பு, நீலம் என நிறத்தோடு வழவழப்பாக இருந்தால் கூலண்ட். நாவில் வைத்துப் பார்க்கவே கூடாது. எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் நஞ்சு. நாய், பூனை நக்கினாலும் சாகும்.

இயந்திரம் ஆறியிருக்கையில் ரப்பர் குழாய்களின் முனைகள், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டி அலுமினியத்தோடு சேரும் ஓரம், தண்ணீர்ப் பம்பின் அடியிலுள்ள சிறுதுளை ஆகியவற்றைப் பாருங்கள். உலர்ந்த வெளிர்த் தடம் இருந்தால் அதுவே தடயம்.

கண்ணுக்குப் படாவிட்டால் பட்டறையில் கைப்பம்பு ஒன்றை மூடியின் இடத்தில் பொருத்தி, மூடியில் குறித்த அளவு காற்றழுத்தம் ஏற்றுவார்கள். அளவுமானி முள் இறங்கினால் கசிவு உறுதி. வெளியே ஈரமே இல்லாமல் முள் இறங்கினால், நீர் உள்ளுக்குள் போகிறது என்ற சந்தேகம் எழும். பால்காப்பி நிறத்தில் எண்ணெய், விடாத வெண்புகை, ரேடியேட்டரில் குமிழிகள் ஆகியவை தலைப்பகுதி கேஸ்கட் போனதன் அறிகுறிகள். அதை உறுதிசெய்ய ஒரு நீலத் திரவம் உண்டு. ரேடியேட்டர் வாயிலிருந்து வரும் ஆவி அதன் வழியே செல்லும்போது, புகையின் கரியமிலவாயு கலந்திருந்தால் திரவம் மஞ்சளாகும்.

சரிசெய்தல்

குழாய், கவ்வி, மூடி என்றால் மாற்றினால் போதும்; செலவும் சிறிது. கசிவை அடைக்கும் பொடிகள் தற்காலிகமே. ரேடியேட்டரின் நுண்குழாய்களையும் அடைத்துவிடலாம். புதிய கூலண்ட் நிரப்பியபின் உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். தயாரிப்பாளர் குறிப்பிட்ட வகையையே ஊற்றுங்கள்.

வழியில் முள் உயர்ந்தால் ஓரம்கட்டி இயந்திரத்தை நிறுத்துங்கள். சூட்டில் மூடியைத் திறந்தால் அழுத்தம் விடுபட்ட நொடியிலேயே நீர் கொதித்து முகத்தில் பாயும். கையால் தொட்டுப் பார்க்கும் அளவுக்கு ஆறட்டும். பிறகு, போத்தலைத் தேடுவதைவிட ஓட்டையைத் தேடுங்கள்.