கடலடியிலே கிடக்கும் எல்லை

1856 ஆம் ஆண்டு யூன் மாதத்திலே, சீன வணிகர் ஒருவருக்குச் சொந்தமான பாய்க்கப்பலொன்று, சிங்கப்பூரிலிருந்து இருபது நாட் பயணஞ் செய்து, பாலித் தீவின் வடகரையிலே நங்கூரமிட்டது. அதில் வந்தவர்களுள் அல்பிரட் ரசல் வாலஸ் என்னும் ஆங்கிலேயரும் ஒருவர். பதினான்கு வயதிலே பள்ளியை விட்டவர்; பறவைகளையும் வண்டுகளையும் சேகரித்துத் தாய்நாட்டுக்கு அனுப்பி, அவற்றை விற்ற பணத்திலே ஆராய்ச்சி நடத்தியவர். அவர் போக எண்ணிய இடமோ மக்காசர். நேரே செல்லக் கப்பல் கிடைக்காமையால் சுற்றுவழியாக இங்கு வந்து சேர்ந்தார். அந்தத் தடங்கல் நேர்ந்ததும் நல்லதாயிற்று!

பாலியில் அவர் தங்கியது இரண்டொரு நாள் மட்டுமே. தூக்கணாங்குருவி, மாங்குயில், குக்குறுவான், மரங்கொத்தி என, யாவாவிலே காணப்படும் பறவைகளை அங்கே கண்டார். அடுத்த தீவிலும் இவை இருக்குமன்றோ என எண்ணிக் கப்பலேறினார். அடுத்த தீவு லொம்பொக்; இடையிலுள்ள நீரிணை ஏறத்தாழ 35 கிலோமீற்றர் அகலமே. ஆயினும், லொம்பொக்கிலே இரண்டு மாதங்களுக்கு மேலாகத் தேடியும், பாலியிற் கண்ட அப்பறவைகளுள் ஒன்றேனும் அவர் கண்ணிற் படவில்லை. பாலியில் இன்னுஞ் சில நாள் தங்காமற் போனோமே என்று அவர் பின்னர் வருந்தினார்.

லொம்பொக்கிலே அவர் கண்டவை வேறு. வெள்ளைக் கொக்கட்டூக் கிளிகள் கூச்சலிட்டுப் பறந்தன. மெகப்போட் என்றொரு விந்தைப் பறவையும் அங்கிருந்தது. கோழியளவேயான இது தன் முட்டைகளின்மேல் அமர்ந்து அடைகாப்பதில்லை. மண்ணையும் சருகையும் குச்சிகளையும் கால்களாலே வாரியெறிந்து, ஆளுயர மேடொன்றை எழுப்பி, அதனுள்ளே முட்டைகளைப் புதைத்துவிடும். சருகு உக்கும்போது பிறக்கும் வெப்பமே முட்டைகளைப் பொரிக்கச் செய்கிறது. குஞ்சு தானே மண்ணைக் கிளறி வெளியே வந்து, தாயைத் தேடாமலே காட்டுக்குள் ஓடிவிடும். நம் வீட்டுக் கோழிகள் இதனைக் கண்டால் என்ன நினைக்குமோ! இத்தகைய பறவைகளும் கொக்கட்டூக்களும் அவுஸ்திரேலியப் பக்கத்துக்கு உரியவை.

இரு தீவுகளிலும் எரிமலையுண்டு. வெயிலும் மழையும் பெரிதும் ஒத்தவை. உயிரினங்கள் வாழுமிடத்தைக் காலநிலை ஒன்றே தீர்மானிக்குமாயின், இவ்வேறுபாடு தோன்றியதெவ்வாறு?

விடை கடலின் ஆழத்திலே கிடக்கிறது. கடைசிப் பனியுகத்திலே நீரின் பெரும்பகுதி பனிக்கட்டியாய் உறைந்தமையால், கடல்மட்டம் ஏறக்குறைய 120 மீற்றர் தாழ்ந்தது. அப்பொழுது சுமாத்திரா, போர்ணியோ, யாவா, பாலி ஆகிய யாவும் ஆசியாவுடன் ஒரே நிலமாய் இணைந்திருந்தன. விலங்குகள் நடந்தே வந்தன. லொம்பொக் நீரிணையோ அதனினும் ஆழமானது. கடல் தாழ்ந்தபோதும் அது வற்றவில்லை. நம் நாட்டின் நிலையை இதனோடு ஒப்பிடுங்கள். பாக்கு நீரிணை ஆழங் குறைந்தது. அக்காலத்திலே அது தரையாக இருந்தமையாலன்றோ யானையும் கரடியும் சிறுத்தையும் இருகரைக்கும் பொதுவாயின!

எல்லையின் கிழக்கே வாழும் உயிர்களின் கதை இன்னும் நெடியது. அவுஸ்திரேலியா அந்தாட்டிக்காவிலிருந்து பிரிந்து, பல கோடி ஆண்டுகளாக வடக்கு நோக்கி நகர்ந்து ஆசியாவை நெருங்கியது. கண்டங்கள் நகர்கின்றன என்பதை வாலஸ் அறியார். எனினும் உயிரினங்களின் பரவலிலே நிலத்தின் பழைய வரலாறு எழுதப்பட்டுள்ளது என்பதை அவர் உணர்ந்தார். புதிய இனம் ஒவ்வொன்றும், தன்னை ஒத்த முந்திய இனம் வாழ்ந்த இடத்தை அடுத்தே தோன்றுகிறது என 1855 இலேயே எழுதியிருந்தார். 1858 இலே காய்ச்சலுற்றிருந்த வேளையிலே இயற்கைத் தேர்வென்னும் கருத்து அவருக்கு உதித்தது. அதனைக் கட்டுரையாக்கி டார்வினுக்கு அனுப்பினார். அவ்வாண்டு யூலை முதலாந் திகதி இருவர் கருத்தும் இலண்டனிலே ஒருங்கே வாசிக்கப்பட்டன. கூர்ப்புக் கொள்கை என்றதும் டார்வினை மட்டுமே நினைப்பது நியாயமன்று என்பதே நம் கருத்து.

1868 இலே ஹக்ஸ்லி என்னும் அறிஞர் அவ்வெல்லைக்கு ‘வாலஸ் கோடு’ எனப் பெயரிட்டார். அது மதிலன்று, பறக்கவல்லனவும் மிதக்கவல்லனவும் சில கடந்திருக்கின்றன. புலியோ கடக்கவில்லை. நிலவழியாகப் பாலி வரை வந்த புலி, அங்கேயே தனிக்கிளையாக வாழ்ந்தது. லொம்பொக் காடுகள் அதனை அறியா. பின்னர் பாலியிலே காடுகள் அழிந்தன, வேட்டையும் மிகுந்தது. மேற்குப் பாலியிலே 1937 இலே சுடப்பட்ட பெண்புலிக்குப் பின், அங்கு புலியொன்று கொல்லப்பட்டதற்கு உறுதியான சான்றில்லை. யாவாப் புலியும் பின்னர் மறைந்தது. அந்தத் தீவுகளிலே இன்று புலி எஞ்சியிருப்பது சுமாத்திராவில் மட்டுமே.