வீட்டுக் கொடுமையிலிருந்து மீண்ட மாதருக்குத் துணைக் குழுக்கள்

புருஷன் பெண்சாதி சண்டை வீட்டுக்குள் நடப்பது, அதில் பஞ்சாயத்துக்கு என்ன வேலை என்று கேட்போர் இன்றும் உளர். 2019-21-இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களுள் நூற்றுக்கு 38 பேர் ஒரு முறையேனும் கணவரின் வன்முறைக்கு ஆளானவர்கள். அகில இந்திய அளவில் இது நூற்றுக்கு 29. நாடு முழுவதிலும் அடிபட்ட பெண்களுள் நூற்றுக்கு 77 பேர் எவரிடமும் உதவி கேட்கவில்லை. வாய் திறந்து சொல்லவும் இல்லை. ஆகவே, ஓர் ஊரில் புகாரே வரவில்லை என்பது அவ்வூரில் கொடுமை இல்லை என்பதற்குச் சாட்சியாகாது.

அடியை நிறுத்துவதற்குச் சட்டம் இருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2006 அக்டோபர் 26 முதல் அமலில் உள்ளது. அதன்படி பாதுகாப்பு அலுவலர் நியமிக்கப்பட்டுள்ளார். கணவன் வீட்டில் வசிக்கும் உரிமையும் மனைவிக்கு உண்டு. பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி கிடைக்கும். 181 என்ற எண்ணை இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். இவற்றைப் பற்றி முன்னரே பலர் விரிவாக எழுதியுள்ளனர். அடி நின்ற பிறகு அப்பெண்ணின் நிலை என்ன என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

2004 டிசம்பரில் நாகை மாவட்டத்து வயல்களில் கடல் நீர் புகுந்ததை விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள். நீர் வடிந்த மறுநாளே அந்நிலம் விளைச்சலுக்கு வந்துவிடவில்லை. மழை நீர் உப்பைக் கழுவி இறக்க வேண்டியிருந்தது. பல ஆண்டு அடியும் ஏச்சும் பட்ட பெண்ணின் மனமும் இத்தகையதே. அவள் தாய் வீடு வந்து சேர்ந்திருப்பாள், வழக்கு முடிந்திருக்கும், ஆனால் பாத்திரம் ஒன்று உருண்டு விழுந்தால் உடல் நடுங்கும். இரவில் உறக்கம் வராது. தன் மீதே குற்றம் என்ற எண்ணம் நீங்காது. "இன்னுமா அதையே நினைத்துக்கொண்டிருக்கிறாய்?" என்று உற்றார் கேட்பது அவளை மேலும் ஊமையாக்கும். அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992-இல் வெளியிட்ட நூலில், இவ்வகைக் காயம் மூன்று படிகளில் ஆறுவதாக விளக்கினார். முதலாவது, இனி ஆபத்தில்லை என்ற நிலை. இரண்டாவது, நடந்ததைச் சொல்லித் துக்கம் ஆற்றுவது. மூன்றாவது, மீண்டும் மனிதரோடு கலந்து வாழ்வது. இரண்டாவது மூன்றாவது படிகளில், அதே துன்பம் பட்ட பிறரின் துணை போன்ற மருந்து வேறில்லை.

துன்புற்ற மாதர் ஒருவரையொருவர் தாங்கி நிற்பது சென்னை நகருக்குப் புதிதன்று. இளம் விதவைகளை ஒரே இல்லத்தில் சேர்த்துப் படிக்க வைத்தார் சகோதரி சுப்புலட்சுமி. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1930-இல் அவ்வை இல்லத்தை ஸ்தாபித்தார். அது அடையாற்றில் இருந்து வருகிறது. அதே அடையாறு பகுதியில் 1980-இல் சாந்தி ரங்கநாதன் அம்மையார் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை குடி நோயாளிகளுக்கானது. அங்கே சிகிச்சை குடிப்பவனோடு நிற்பதில்லை. அவன் மனைவியும் தன்னையொத்த பிற பெண்களோடு அமர்ந்து பேச ஏற்பாடு உண்டு. திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடி கிராமத்தில் அந்நிறுவனம் நடத்திய முகாம்கள், இம்முறை கிராமத்துக்கும் பொருந்தும் என்பதைக் காட்டின. ஒன்று மட்டும் கூற வேண்டும். குடியை விட்ட பின்னும் கையை ஓங்குபவர் உண்டு. சாராயத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு ஆளை விட்டுவிடுதல் கூடாது.

2001-இல் சென்னையில் தோன்றிய பி.சி.வி.சி. என்னும் ஸ்தாபனம் நேரடியாக இப்பணிக்கே உரியது. கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தீக்காயப் பிரிவுக்கு வரும் பெண்களுக்கு இது உதவி வருகிறது. தீக்காயம் பட்ட பெண்ணின் துயரம் தனி வகையானது. மற்ற காயத்தைச் சேலையால் மறைக்கலாம்; முகத்தை மறைப்பது எங்ஙனம்? பேருந்தில் பக்கத்து இருக்கையில் உட்காரவும் சனங்கள் தயங்குகிறார்கள். தன்னைப் போன்ற இன்னொருத்தி அஞ்சாமல் கடைக்குப் போய் வருவதைக் காண்பதே இவளுக்கு முதல் தைரியம். 2018-இல் ராயப்பேட்டை பீட்டர்ஸ் சாலையில் திறக்கப்பட்ட ஒரு சிற்றுண்டிச் சாலையில், இவ்வாறு மீண்ட பெண்கள் ரொட்டியும் கேக்கும் செய்யப் பயிற்சி பெற்று வேலைக்கு அமர்ந்தனர். மயிலாப்பூரிலிருந்தும் தியாகராய நகரிலிருந்தும் வந்தவர்கள் அவர்கள் கைப்பக்குவத்தைக் காசு கொடுத்து வாங்கி உண்டனர்.

துணைக் குழு என்பது எங்ஙனம் நடைபெறும்? எட்டுப் பத்துப் பேருக்கு மேல் இருத்தல் நலமன்று. பயிற்சி பெற்ற ஒருவர் வழி நடத்துவார். அவர் தீர்ப்புச் சொல்ல வருபவர் அல்லர். பேச விரும்பாதவள் வெறுமே அமர்ந்திருக்கலாம். "நீ ஏன் முன்னமே வரவில்லை?" என்ற கேள்விக்கு அங்கு இடமில்லை. கேட்டது அறையை விட்டு வெளியே போகக் கூடாது. மாதம் ஒரு முறையாவது, நாள் தவறாமல், ஆண்டுக்கணக்கில் கூட வேண்டும். இன்னும் அடிபட்டுக்கொண்டே இருப்பவளுக்கு முதலில் வேண்டுவது பாதுகாப்பு. அவளை மாவட்டத்திலுள்ள ஒருங்கிணைந்த சேவை மையத்திற்கு அனுப்ப வேண்டும். தற்காலிகத் தங்கலும் மருத்துவ, சட்ட உதவியும் அங்கே கிடைக்கும். உயிரை விடும் எண்ணம் உள்ளவளைக் குழுவை நம்பி விட்டுவிடாமல் உடனே மருத்துவரிடம் சேர்ப்பிக்க வேண்டும்.

"எங்கள் ஊரில் மகளிர் சுய உதவிக் குழு இருக்கிறதே, அது போதாதா?" என்று அங்கத்தினர் பலர் கேட்கின்றனர். போதாது என்பதே என் கருத்து. கடன் குழுவில் நாத்தனாரும் இருப்பாள், ஓரகத்தியும் இருப்பாள். தவணை பாக்கி வைத்தவள் தலைவியின் முன் மனந்திறந்து பேசுவாளா? எனவே நாலைந்து ஊர்களுக்குப் பொதுவாக, சொந்த ஊரைவிட்டுச் சற்று விலகிய இடத்தில் கூடுவது உசிதம். வட்டார அலுவலகம் உள்ள ஊரில் தையல் வகுப்பு நடக்கும் அறையே போதும். பலகையில் குழுவின் பெயரை எழுதி மாட்டுதல் கூடாது.

பஞ்சாயத்தார் செய்யத்தக்கது அதிகமில்லை. "சமரசம் செய்து அனுப்பப்பட்டது" என்று நோட்டில் எழுதி ஒரு பெண்ணை அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்பும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். சமரசம் ஆனதாக எழுதிய பின் அதே பெண் மருத்துவமனைக்கு வந்ததை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். குழுவில் யார் யார் சேர்ந்துள்ளனர் என்ற பட்டியலை அங்கத்தினர் எவரும் கேட்கலாகாது. கூட்டத்தை நடவும் அறுப்பும் மும்முரமான நாட்களில் வைத்தால் கூலிப் பெண்கள் வர இயலாது. காலை பதினொரு மணிக்குத் தொடங்கி, பள்ளி விடுவதற்குள் வீடு திரும்பும்படி முடித்தல் நன்று. கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆயாவும், குடிக்கத் தண்ணீரும், உட்புறம் தாழிடக் கூடிய கதவும் அவசியம்.