சுண்டெலிக்குச் சரியான மருந்து

போன வாரம் என் ரூம்மேட் ஒரு செய்தி லிங்க் அனுப்பி, "மச்சி, எலிக்குச் சரியாயிடுச்சாம்டா"ன்னான். அவனுக்கு க்ரோன்ஸ், குடல்ல தீராத அழற்சி. இப்ப மூணாவது மருந்துல இருக்கான். அவனுக்குச் சொன்ன பதில்தான் இந்த எபிசோட்.

ஆய்வகத்துல எலிக்கு இந்த நோயை நாமதான் வர வைக்கிறோம். ரொம்பப் புழக்கத்தில் இருக்கிற முறை, குடிதண்ணீரில் டிஎஸ்எஸ் என்ற ரசாயனத்தைக் கலக்கறது. சில நாள்ல குடலின் உள்சுவர் புண்ணாகி ரத்தம் போகும். டி செல், பி செல் ரெண்டுமே இல்லாத எலிக்கும் இது வரும். ஆனா க்ரோன்ஸில் டி செல்லுக்குப் பெரிய பங்கு உண்டு. அப்போ டி செல்லைக் குறிவைக்கிற மருந்தை இதில் மட்டும் சோதிச்சா? லாகினே இல்லாத ஆப்பில் லாகின் பக் தேடுற கதைதான்.

அதுக்காக எலியைத் திட்டாதீங்க. ஐஎல்-17 என்ற அழற்சி சிக்னலை முடக்கினா டிஎஸ்எஸ் புண் மோசமாகுதுன்னு 2004-லேயே ஜப்பான் ஆய்வாளர்கள் எழுதினாங்க. வேற மாடல்ல அதே பாதையை அடைச்சப்போ நோய் குறைஞ்சது. ஐஎல்-17ஏவைத் தடுக்கிற செகுகினுமாப்பை வெச்சு 59 க்ரோன்ஸ் நோயாளிகள்கிட்ட நடந்த சோதனை 2012-ல் வெளியாச்சு. பலன் இல்லை, தொற்றுகள்தான் அதிகம். சோரியாசிஸுக்கு நல்லா வேலை செய்யற அதே மருந்து! குடல் சுவரைக் காக்கவும் அந்த சிக்னல் வேணும். சுவர் உடையறதைக் காட்டுற மாடல் அதைச் சரியாத்தான் சொல்லியிருக்கு.

"எந்த மாடல், மருந்தை எப்போ கொடுத்தாங்கன்னு பாரு"ன்னேன். படிச்சான். புண் வர்றதுக்கு முன்னாடியே கொடுத்திருக்காங்க.

அவனுக்குப் புண் வந்து ஆறு வருஷம்.