விட்டு வந்த வீடும் வாயில்லா உறவுகளும்



நீரிழிவு, இரத்த அழுத்தம், கொலஸ்ரரோல் என்று இந்தப் பக்கத்தில் எழுதி வந்த நாம் இம்முறை நாய், பூனை, ஆடு, மாடுகளைப் பற்றி எழுதப் போகிறோம். டொக்டருக்கு எழுத விஷயம் முடிந்துவிட்டதோ என்று யாரும் நினைக்க வேண்டாம். இதுவும் நலவாழ்வு பற்றிய விடயந்தான்.

செவன் கிங்ஸிலிருந்து சில மைல் தூரத்தில், எமது றெட்பிறிட்ஜ் நகரசபை எல்லைக்குள்ளேயே, வூட்ஃபோர்ட் பிறிட்ஜ் வீதியில் ஒரு மயானம் இருக்கிறது. அது மனிதருக்கானது அல்ல. ஏழைகளின் பிராணிகளுக்கு இலவச வைத்தியம் செய்வதற்காக மரியா டிக்கின் என்ற பெண்மணி 1917இல் வைட்சப்பலில் தொடங்கிய பீ.டி.எஸ்.ஏ. நிறுவனத்தின் பிராணிகள் மயானம் அது. 1920களிலிருந்து அங்கே 3,000க்கும் மேற்பட்ட பிராணிகள் அடக்கம் செய்யப்பட்டுள்ளன. போர்க்காலத்தில் அருஞ்செயல் புரிந்த பிராணிகளுக்கென்று 1943இல் ஏற்படுத்தப்பட்ட டிக்கின் பதக்கத்தைப் பெற்றவற்றில் பன்னிரண்டும் அங்கேதான் உறங்குகின்றன. 'அமெதிஸ்ற்' போர்க்கப்பலின் பூனை சைமன் அவற்றில் ஒன்று. 1949இல் சீனாவின் யாங்சி ஆற்றில் கப்பல் ஷெல்லடிக்கு உள்ளானபோது காயப்பட்டுத் தப்பிய அந்தப் பூனை, அவ்வருட இறுதியில் இங்கிலாந்து வந்து சேர்ந்து, தனிமைப்படுத்தும் நிலையத்தில் இறந்தது. டிக்கின் பதக்கம் பெற்ற ஒரே பூனை அதுதான்.

ஆனால் எம்மை அதிகம் கவர்ந்தது 'றிப்' என்ற நாய். 1940இல் கிழக்கு இலண்டனின் பொப்லர் பகுதியில் குண்டு வீச்சுக்குப் பின் வீடற்று அலைந்து கொண்டிருந்த தெரு நாய் அது. விமானத் தாக்குதல் கண்காணிப்பாளர் ஒருவர் அதற்குச் சாப்பாடு கொடுத்தார். அதன் பிறகு அது அவர்களோடேயே தங்கி, இடிபாடுகளுக்குள் சிக்கியவர்களை மோப்பம் பிடித்துக் காட்டத் தொடங்கியது. ஒருவரும் பழக்கவில்லை. பன்னிரண்டு மாதங்களில் நூறுக்கும் மேற்பட்டோரைக் கண்டுபிடிக்க உதவியதாகப் பதிவு இருக்கிறது. 1945இல் பதக்கம், 1946இல் மரணம்.

இதை எம்மவரிடம் சொன்னால் சிரிப்பார்கள். "வெள்ளைக்காரருக்கு வேறை வேலையில்லை, நாய்க்கும் கல்லறை" என்பார்கள். வெள்ளைக்காரருக்கும் இதில் இன்னொரு பக்கம் உண்டு. 1939 செப்டெம்பரில் போர் தொடங்கிய முதல் வாரத்தில் மட்டும் பிரித்தானியாவில் ஏறத்தாழ 750,000 செல்லப்பிராணிகள் சொந்தக்காரர்களாலேயே கொல்லக் கொடுக்கப்பட்டன என்று மதிப்பிடப்படுகிறது. அப்படிச் செய்யும்படி எவரும் கட்டளையிடவில்லை. நாட்டுப்புறத்துக்கு அனுப்ப முடியாவிட்டால் வலியின்றிக் கொன்றுவிடுவது நல்லது என்று ஒரு துண்டுப்பிரசுரம் சொன்னது. குண்டு விழும், உணவு தட்டுப்படும் என்ற பயம் மிகுதியைச் செய்தது. பிறகு பல தசாப்தங்களாக அதைப் பற்றி இங்கே பெரிதாக யாரும் பேசவில்லை.

பேசாத கதை எங்களிடமும் இருக்கிறது.

எங்கள் ஊர்க் கதை

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவை வலிகாமத்து மக்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. உடனே வெளியேறும்படி ஒலிபெருக்கியில் அறிவித்தல் வந்தது. மழை. பல இலட்சம் சனம் செம்மணி வழியாகவும் கோப்பாய் வழியாகவும் தென்மராட்சிக்கு நகர்ந்தது. சைக்கிள் கரியரில் அரிசிப் பை, ஹான்டிலில் சூட்கேஸ், நடுவில் குழந்தை. ஒரு சில மைல் தூரத்தைக் கடக்க விடியும்வரை சென்றது. அந்த இரவைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் புறப்படுவதற்கு முந்திய அரை மணித்தியாலத்தில் பின்வளவுகளில் நடந்தது என்ன என்பதை எழுதியவர்கள் குறைவு. மாட்டின் கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். கோழிக்கூட்டைத் திறந்துவிட்டார்கள். பானையில் மிஞ்சிய சோற்றைத் தட்டோடு முற்றத்தில் வைத்தார்கள். நாயைப் பார்க்காமல் படலையைச் சாத்தினார்கள்.

கோண்டாவிலில் எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஓட்டு வீடு, தனியாக ஒரு மண் குசினி, கிணற்றடியில் கமுகுகள், வேலி முழுக்கப் பூவரசும் கிளுவையும். கறுப்பி என்ற ஆடும் அதன் இரண்டு குட்டிகளும் நின்றன. வீரன் என்று ஒரு நாய். பெயர் வீரனே தவிர இடி முழங்கினால் நெல்லு மூட்டைக்குப் பின்னால் போய் ஒளித்துக்கொள்ளும். ஷெல் சத்தத்துக்கு எங்களுக்கு முன்பே பங்கருக்குள் இறங்கிவிடும். அன்றிரவு அது எங்களோடேயே வந்தது. செம்மணிச் சனநெரிசலில் எந்த இடத்தில் காணாமற் போனது என்பது பற்றி இன்றும் எங்கள் சகோதரர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. அதன் நிறம் பற்றியே இல்லை என்றால் பாருங்கள். அண்ணர் செம்மண் நிறம் என்கிறார், தங்கை வெள்ளையில் திட்டு என்கிறார். ஒரு புகைப்படமும் மிஞ்சவில்லை.

1996 ஏப்ரலுக்குப் பின்னர் பலர் வலிகாமத்துக்குத் திரும்பியபோது எங்கள் சின்னம்மாவும் திரும்பினார். நாங்கள் திரும்பவில்லை. சின்னம்மாவின் கடிதங்களில் கூரை, கதவு, யன்னல், யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பதெல்லாம் இருக்கும். நாயைப் பற்றி ஒரு வரியும் இராது. எங்கள் அம்மாவும் கேட்கவில்லை. 2002இல் ஏ9 பாதை திறந்து, தொலைபேசியில் சாவகாசமாகக் கதைக்க முடிந்த காலத்தில்தான் ஒருநாள் அம்மா கேட்டார்: "அக்காச்சி, எங்கட வீரன் திரும்பி வந்ததோ?" மறுமுனையில் சின்னம்மா சொன்னார், "வந்தது. நாங்கள் வரேக்கை உங்கட வாசற்படியிலைதான் கிடந்தது. நல்லா மெலிஞ்சு போச்சு. நான் சோறு வைச்சனான். ஒரு மாதம் மட்டிலை இருந்தது."

அம்மா போனை வைத்துவிட்டு அழுதார். ஏழு வருடங்களில் எத்தனையோ மரணச் செய்திகள் எங்கள் வீட்டுக்கு வந்தன. அவற்றுக்கெல்லாம் அவர் அப்படி அழுது நாங்கள் கண்டதில்லை.

ஏன் இப்படி?

ஒரு வைத்தியராக நாம் அடிக்கடி காண்பது இது. நெஞ்சடைப்பு, தலைக்குள் இரைச்சல், கை கால் உளைவு, நித்திரையின்மை என்று வருவார்கள். ஈ.சி.ஜி. சரி, இரத்தப் பரிசோதனை சரி. ஊரில் நடந்ததைப் பற்றிக் கேட்டால் "அதெல்லாம் முடிஞ்சுது டொக்டர்" என்று கதவைச் சாத்திவிடுவார்கள். வீட்டில் என்ன வளர்த்தீர்கள் என்று கேட்டால் மட்டும் முகம் மாறும். மாட்டின் பெயர் வரும். பிறகு கண்ணீர் வரும். அதற்குப் பின்னால், சில வேளைகளில், பல வருடங்களாகச் சொல்லாமல் வைத்திருந்த ஒரு மனிதரின் பெயரும் வரும்.

மனிதருக்காக அழுவதற்குப் பயம், குற்றவுணர்வு, அரசியல் என்று பல தடைகள். வாயில்லாப் பிராணிக்காக அழுவதற்கு ஒரே ஒரு தடைதான்: வெட்கம். 'இத்தனை சனம் செத்துக் கிடக்க, நான் நாய்க்கு அழுகிறேனே' என்ற வெட்கம். அமெரிக்க அறிஞர் கெனத் டோகா 1989இல் வெளியிட்ட நூலில் இத்தகைய துக்கத்துக்கு 'உரிமை மறுக்கப்பட்ட துக்கம்' என்ற கருத்தில் ஒரு பெயர் வைத்தார். சமூகம் துக்கமென்று ஏற்காததால் செத்தவீடும் இல்லை, எட்டுச் செலவும் இல்லை, விசாரிக்க வருவோரும் இல்லை. போலின் பொஸ் என்ற இன்னொரு அமெரிக்க அறிஞர் 'தெளிவற்ற இழப்பு' என்பதைப் பற்றி எழுதினார். இருக்கிறதா இல்லையா என்று தெரியாததால் முடிவுக்கு வர முடியாத இழப்பு அது. காணாமற் போனோரின் குடும்பங்கள் இதை எல்லோரையும் விட நன்றாக அறிவார்கள். அவர்களின் துயரத்துக்கு எதுவும் ஈடாகாது. ஆயினும் திரும்பிப் போக முடியாத வீடும், அவிழ்த்துவிட்ட மாடும் அதே வகையைச் சேர்ந்தவைதாம்.

யாழ்ப்பாணத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போரின் பாதிப்பைத் தனிமனிதருக்குள் மட்டும் தேடாமல் குடும்பத்திலும் ஊரிலும் தேட வேண்டும் என்று நீண்டகாலமாக எழுதி வந்திருக்கிறார். எங்கள் ஊர் என்பது மனிதர் மட்டுமல்ல. கிணறு, வேலி, மாட்டுக்கொட்டில், விடியற்காலை ஆடு கத்தும் சத்தம், எல்லாம் சேர்ந்ததே ஊர்.

2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் 'நீடித்த துக்கக் கோளாறு' முதன்முறையாக இடம்பெற்றது. ஆறு மாதங்களுக்கு மேலாக அன்றாட வாழ்வைக் குலைக்கும் கடும் துக்கம் அது. அந்த வரைவிலக்கணம் நெருங்கிய மனிதரின் மரணத்தை மட்டுமே கணக்கில் எடுக்கிறது. வீட்டுக்கும் பிராணிக்கும் அதில் இடமில்லை. இதில் எமக்குப் பெரிய மனக்குறை இல்லை. எல்லாத் துக்கத்துக்கும் நோய்ப்பெயர் சூட்டிக் குளிசை கொடுப்பதை நாம் விரும்புவதுமில்லை.

நரிக்குச் சோறு

முதியவர்களின் மறதிநோயில் இந்த விடயம் வேறு விதமாக வெளிப்படும். பின்வருவதில் ஆட்களை அடையாளம் காண முடியாதபடி விபரங்களை மாற்றியிருக்கிறோம்.

எண்பது வயதைத் தாண்டிய ஒரு தாயாரை மகள் கூட்டி வந்தார். "டொக்டர், அம்மா ஒவ்வொரு இரவும் சோறு குழைச்சுப் பின்கதவடியிலை வைக்கிறா. நரி வந்து தின்னுது. எலி வருகுதெண்டு பக்கத்து வீட்டுக்காரர் கவுன்சிலுக்கு எழுதிப் போட்டினம். இதுக்கு ஏதும் குளிசை இருக்கோ?"

"அம்மா, ஆருக்குச் சோறு வைக்கிறியள்?" என்று கேட்டோம்.

"மணிக்குத் தம்பி. பகல் முழுக்கக் காவல் கிடக்கிற சீவன். பசிக்காதோ?"

மணி எந்த மரத்தடியில் படுக்கும், யாரைக் கண்டால் குரைக்காது, தபாற்காரரோடு அதற்கு என்ன பகை என்று அந்தத் தாயார் விபரமாகச் சொன்னார். காலையில் என்ன சாப்பிட்டார் என்று கேட்டால் தெரியாது. மகள் எங்களைப் பார்த்து, "இதொண்டும் அம்மா எனக்குச் சொன்னதேயில்லை" என்றார்.

இதில் அதிசயம் எதுவுமில்லை. அல்சைமர் நோய் பெரும்பாலும் புதிய நினைவுகளையே முதலில் தின்கிறது. பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்ட கால நினைவுகள் எவருக்குமே ஆழமாகப் பதிந்திருப்பவை. பின்னாளில் கற்ற ஆங்கிலம் போய்விடும், தமிழ் நிற்கும். செவன் கிங்ஸ் வீட்டு முகவரி போய்விடும், ஊர்க் கிணற்றடி நிற்கும்.

விற்றமின் பி12, தைரொயிட் பரிசோதனைகள் செய்து, நினைவாற்றல் சிகிச்சை நிலையத்துக்கும் அனுப்பினோம். இப்படியான குழப்பம் ஒரு சில நாட்களுக்குள் திடீரென்று வந்தால் சிறுநீர்த் தொற்று முதலியவை காரணமாக இருக்கலாம், தாமதிக்காமல் காட்டுங்கள். மகளுக்கு நாம் சொன்னது இவ்வளவுதான்: "மணி செத்து நாப்பது வருசம்" என்று ஒவ்வொரு இரவும் திருத்தாதீர்கள். அவருக்கு அது ஒவ்வொரு இரவும் புதுச் சாவு. இப்போது மகள், "தாங்கோ அம்மா, நான் வைக்கிறன், நீங்கள் போய்ப் படுங்கோ" என்று கிண்ணத்தை வாங்கிக்கொள்கிறார். தாயார் நித்திரை கொள்கிறார். நரி இடைக்கிடை வந்து பார்த்துவிட்டுப் போகிறதாம்.

பழைய நினைவுகளைப் பேச வைக்கும் சிகிச்சை இந்நாட்டு முதியோர் இல்லங்களில் வழக்கத்தில் உண்டு. ஆராய்ச்சிகளின்படி அதன் பயன் சிறியதே, எல்லோருக்கும் ஒரே மாதிரியும் இல்லை. ஆனால் அங்கே பயன்படுத்தும் படங்கள் பிரித்தானிய முதியவர்களின் இளமைக்கால உலகைக் காட்டுபவை. எங்கள் பெற்றோருக்கு பீற்றில்ஸ் படத்தைக் காட்டி என்ன பயன்? ஒரு மூக்கணாங்கயிறு, ஒரு செம்பு, பூவரசம் இலை போதும். பேரப்பிள்ளைகளிடம் சொல்லி வீட்டின் வரைபடத்தைத் தாத்தா சொல்லச் சொல்லக் கீறச் செய்யுங்கள். எந்தப் பக்கம் கிணறு, எங்கே மாடு கட்டுவது, அதன் பெயரென்ன, எப்படிக் கிடைத்தது என்று கேளுங்கள். 'கடைசியாக எப்போது கண்டீர்கள்' என்பதை மட்டும் நீங்கள் கேட்காதீர்கள். அவர் சொன்னால் சொல்லட்டும்.

பேசப் பேச ஆறாமல், நித்திரையில் திடுக்கிட்டு எழுவதும், பழைய காட்சிகள் கண்முன் வருவதும், உணவு செல்லாததும் தொடர்ந்தால் உங்கள் ஜீ.பி.யைப் பாருங்கள். என்.எச்.எஸ். பேச்சுச் சிகிச்சைக்கு நீங்களாகவே நேரடியாகவும் விண்ணப்பிக்கலாம். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் சமரிட்டன்ஸ் 116 123, எந்நேரமும் இலவசம். இங்கே வளர்த்த நாயையோ பூனையையோ இழந்து பிள்ளைகள் துவண்டு போயிருந்தால் புளூ குறொஸ் நிறுவனம் அதற்கென்றே ஓர் இலவச ஆதரவுச் சேவை நடத்துகிறது. "இன்னொண்டு வாங்கித் தாறன்" என்று அன்றைக்கே சொல்லிவிடாதீர்கள்.

கடைசியாக, ஓகஸ்ட் விடுமுறைக்குப் பிள்ளைகளை ஊருக்குக் கூட்டிப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய வீட்டு வாசலில் ஒரு நாய் படுத்திருந்தால் இங்கே பிறந்த பிள்ளை ஓடிப்போய்த் தடவத்தான் பார்க்கும். இலங்கையில் விசர்நாய் நோய் இன்னும் ஒழியவில்லை. கடித்தாலோ, கீறினாலோ, காயத்தில் நக்கினாலோ, சிறியதென்று விடாமல் ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். அன்றைக்கே அரசாங்க வைத்தியசாலைக்குப் போய் ஊசி பற்றிக் கேளுங்கள். மஞ்சள் பூசிவிட்டு இலண்டன் திரும்பும்வரை காத்திருக்க வேண்டாம். அந்த நோய் வெளிப்பட்ட பின் வைத்தியம் இல்லை. அங்கே போட்ட ஊசிகளின் துண்டைக் கொண்டு வந்து உங்கள் ஜீ.பி.யிடம் காட்டுங்கள்.

அடுத்த இதழில் முழங்கால் நோவு பற்றி எழுதுவோம்.