மழை செய்த வறட்சி

கொச்சிப் பக்கத்துத் திருப்பூணித்துறையில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை பெய்கிறது, சென்னையில் பெய்வதைப் போல் இரு மடங்கு. அந்த ஊரில்தான் பிப்ரவரி பிறந்ததும் கீரைப்பாத்தி காய்ந்துபோகிறது, கத்தரிச் செடி நண்பகலில் இலையைத் தொங்கப்போடுகிறது, மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள் இரண்டு நாள் வெளியூர்க் கல்யாணத்துக்குப் போகவும் யோசிக்கிறார்கள். மூன்று மீட்டர் மழை எங்கே போனது?

காயலுக்குப் போனது என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். ஆனால் சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பார்த்தால் விஷயம் இன்னும் சுவையானது. காய்கறிச் செடிகளின் வேர் பெரும்பாலும் மேல்மண்ணில் ஓரடி ஆழத்துக்குள் இருக்கிறது. மணற்பாங்கான ஓரடி மண், செடிக்குப் பயன்படும்படி பிடித்து வைத்திருப்பது 20 முதல் 30 மி.மீ. நீர்தான். கோடையில் மண்ணும் இலையுமாகச் சேர்ந்து நாளொன்றுக்கு 5 மி.மீ. அளவுக்கு ஆவியாக விடுகின்றன. ஆறு நாளில் கையிருப்பு தீர்ந்துவிடும். அதற்குமேல் பெய்தது 3,000 ஆனாலும் 800 ஆனாலும் செடிக்கு ஒன்றுதான். மழையில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பருக்குள் கொட்டித் தீர்க்கிறது. ஐப்பசி மழையும் ஓய்ந்தபின், டிசம்பர் பாதி தொடங்கி மார்ச் வரை வாரக்கணக்கில் துளி விழாமல் போவதுண்டு.

இதில் ஒரு வினோதம் இருக்கிறது. இங்கே மேட்டுநிலங்களில் நீரைப் பிடித்துவைக்காத செம்மண்ணைச் செய்ததே மழைதான். கிழக்கிந்தியக் கம்பெனிக்காக 1800-ல் மலபாரைச் சுற்றிய ஃபிரான்சிஸ் புக்கானன், அங்காடிப்புரத்தில் மக்கள் மெத்தென்ற செம்மண்ணை வெட்டியெடுத்துக் காற்றில் இறுகவிட்டு வீடு கட்டுவதைக் கண்டார். 1807-ல் வெளியான தன் பயண நூலில் அதற்கு லேட்டரைட் என்று பெயரிட்டார். கேரளத்தில் அது வெட்டுக்கல். வெப்பமும் மழையும் சேர்ந்து லட்சக்கணக்கான ஆண்டுகள் பாறையைக் கழுவிக் கழுவி, கால்சியம், மெக்னீசியம், சிலிக்கா எல்லாவற்றையும் கொண்டுபோய்விட்டன. மிஞ்சியது இரும்பு, அலுமினியம் ஆக்சைடுகள். அதனால் மண்ணில் சரளை அதிகம், புளிப்பு அதிகம். நீரும் உரமும் நிற்பது குறைவு. விதைப்பதற்கு முன் பாத்தியில் சுண்ணாம்பு தூவுவது கேரளத்தில் இதற்காகத்தான். மழை எடுத்துக்கொண்டுபோன கால்சியத்தை மனிதன் கொஞ்சம் திருப்பித் தருகிறான்.

கீழே இப்படி என்றால், மேலே கதை வேறு. திருப்பூணித்துறைக் கோடையில் மண் வறண்டாலும் காற்று வறளாது. 33 டிகிரி வெயில், 65 சதவீத ஈரப்பதம் என்று வைத்துக்கொள்வோம். அதே வேளை மதுரையில் 38 டிகிரி, 35 சதவீதம். காற்று இன்னும் எவ்வளவு நீராவியை உறிஞ்சத் துடிக்கிறது என்பதைக் கிலோபாஸ்கல் என்ற அழுத்த அலகில் அளப்பார்கள். முன்னதில் அது 1.8-க்குச் சற்றுக் கீழே, பின்னதில் 4.3. மதுரைச் செடியின் இலையிலிருந்து காற்று ஏறக்குறைய இரண்டரை மடங்கு வலுவாக நீரை இழுக்கிறது. ஆகவே வேருக்குத் தண்ணீர் கிடைத்துக்கொண்டே இருந்தால் போதும், கொச்சிப் பக்கத்துச் செடி கோடையைச் சுலபமாகக் கடந்துவிடும்.

அந்த ஈரக்காற்று சும்மா உதவுவதில்லை, விலையும் கேட்கிறது. இரவில் பூமியின் சூட்டை வெளியே விடாமல் பிடித்துக்கொள்கிறது. ஏப்ரல் இரவுகளில் வெப்பம் 25 டிகிரிக்கு அருகிலேயே நிற்கும். தக்காளிக்கு இது ஆகாது. இரவு 21 டிகிரியைத் தாண்டினாலே பல ரகங்களில் மகரந்தம் தளர்ந்து பூ உதிரத் தொடங்கும். செடி செழித்து நிற்கும், பூக்கும், காய் மட்டும் இராது. இந்தப் பருவத்தில் தக்காளியோடு மல்லுக்கட்டுவதை விட ஒட்டன்சத்திரத்திலிருந்து லாரியில் வருவதை வாங்கிக்கொள்வதே மேல் என்பது என் கட்சி.

வெயிலில் குதித்து வளர்வது சிவப்புத் தண்டுக்கீரை, மலையாளிகளின் சீரை. இதன் ரகசியம் ருபிஸ்கோ என்ற நொதியில் இருக்கிறது. காற்றிலிருந்து கரியமில வாயுவைப் பிடித்துச் சர்க்கரையாக்கும் வேலையைத் தொடங்கிவைப்பது அதுதான். ஆனால் சூடு ஏற ஏற அது தடுமாறி, கரியமில வாயுவுக்குப் பதில் ஆக்சிஜனைப் பிடித்துவிடுகிறது. அதைச் சரிசெய்யவே கத்தரி, வெண்டை, பயறு எல்லாம் உழைப்பில் ஒரு பங்கை வீணாக்குகின்றன. கீரை வேறு வழி வைத்திருக்கிறது: வெளிச்செல்களில் கரியமில வாயுவை நான்கு கார்பன் கொண்ட அமிலமாக முதலில் கட்டி, உள்ளே நரம்பைச் சுற்றிய செல்களுக்கு அனுப்பி, அங்கே ருபிஸ்கோவைச் சுற்றி அதைச் செறிவாக நிரப்பிவிடுகிறது. ஆக்சிஜன் நுழைய இடமில்லை. 1966-ல் ஆஸ்திரேலியாவில் ஹேட்ச், ஸ்லாக் என்ற இரு விஞ்ஞானிகள் கரும்பில் விளக்கிய அதே வழி. இலைத்துளைகளை அதிகம் திறக்கவும் தேவையில்லை என்பதால், ஒரு கிராம் உடலைக் கட்ட மற்ற செடிகள் செலவிடும் நீரில் ஏறக்குறையப் பாதி போதும்.

பயறுக்கு இந்த வசதி கிடையாது. அது இலையைத் திருப்பிக்கொள்கிறது. திருப்பூணித்துறை பத்து டிகிரி அட்சரேகையை ஒட்டியிருப்பதால் ஏப்ரல் 16 வாக்கில், பகல் சுமார் 12.25-க்குச் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. நட்டுவைத்த கம்புக்கு நிழலே இராது. கேரளத்தின் விஷுப் பண்டிகை வருவது அதற்கு ஓரிரு நாள் முன்புதான். தாகம் மிகுந்த பயறு அந்நேரம் சிற்றிலைகளைச் செங்குத்தாக நிமிர்த்தி, வெயிலுக்கு முகத்தைக் காட்டாமல் விளிம்பை மட்டும் காட்டும். விஷுக்கணியில் வைக்கும் பொன்னிற வெள்ளரியும் இதே வெயிலின் விளைச்சல். நெல் அறுத்த வயல்களில் விதைத்து விளைவிப்பார்கள். நாம் பச்சையாகக் கடிக்கும் வெள்ளரிக்காய் அல்ல, தாவரவியல்படி முலாம்பழத்தின் இனம். தடித்த தோல் இருப்பதால் கட்டித் தொங்கவிட்டால் மாதக்கணக்கில் கெடாது.

ஒரு சதுர மீட்டர் கீரைப்பாத்தி நாளைக்கு 5 லிட்டர் நீரை ஆவியாக்குகிறது என்றால், அதற்கு அது விழுங்கும் வெப்பம் மூன்று யூனிட் மின்சாரத்துக்கும் மேல். இலை வழியே போகும் நீர் இலையைக் குளிர்விக்கிறது. மண்ணிலிருந்து நேரடியாகப் போகும் நீர் இப்படி எந்த இலையையும் குளிர்விப்பதில்லை, சுத்த நஷ்டம். அதைத் தடுப்பது மூடாக்கு: பலா இலை, தென்னங்கீற்று, நார்க்கழிவு எதுவானாலும் சரி. வெறும் மண் உச்சி வெயிலில் 50 டிகிரியைத் தொடும். மூடாக்கின் கீழே அந்தச் சூடு எட்டாது. தேங்காய் மட்டையை உட்புறம் மேலே பார்க்கும்படி புதைத்தால் நீரைக் கிண்ணமாய் ஏந்திக்கொள்ளும். மாடிப் பைகளுக்கு, கோழிக்கோட்டிலுள்ள நீர்வள மேம்பாட்டு மேலாண்மை மையம் பரப்பிய திரிநனை உண்டு. பையின் அடியிலிருந்து ஒரு கண்ணாடியிழைத் திரி, நீர் நிரம்பிய குழாய்க்குள் இறங்கும். மண் உலர உலரத் திரி நீரை மேலேற்றும். நிரம்பிவிட்டால் தானே நின்றுவிடும். கல்யாணத்துக்கும் போய்வரலாம்.

ஜூனில் மழை திரும்பியதும் நிலைமை தலைகீழ். கோடையை வென்ற சிவப்புச் சீரையின் இலைகளில்தான் வெளிறிய புள்ளிகள் விழும். ரைசோக்டோனியா என்ற பூஞ்சணம், மழைத்துளி தெறிக்கத் தெறிக்கச் செடிக்குச் செடி தாவும். இதை எதிர்த்து நிற்பது கோயம்புத்தூரில் உருவான கோ-1 என்ற பச்சை ரகம். அதனால் மழைக்காலப் பாத்தியில் விவரம் தெரிந்தவர்கள் இரண்டு விதைகளையும் கலந்தே தூவுகிறார்கள்.