புறாவால்: ஒரு தச்சுச் சொல்லின் பொருளும் வழக்கும்

உங்கள் வீட்டில் பழைய மேசை இருப்பின், அதன் இழுப்பறையை வெளியே எடுத்து, முன்பலகையும் பக்கப்பலகையும் கூடும் மூலையை உற்று நோக்குங்கள். கைதேர்ந்த தச்சர் செய்ததாயின் அங்கு ஆணி இராது. விசிறிபோல் விரிந்த பற்கள் ஒன்றனுள் ஒன்று புகுந்து நிற்கும். இதனையே புறாவால் மூட்டு என்கிறோம்.

ஆங்கிலேயர் கண்ணுக்கு இவ்வடிவம் புறாவின் விரிந்த வாலாகத் தோன்றிற்று. பிரெஞ்சுக்காரரும் ஜெர்மானியரும் இதனைத் தகைவிலான் குருவியின் வால் என்பர். நாம் வழங்கும் சொல் ஆங்கிலத்தைத் தழுவியது. பறவை எதுவாயினும் கருத்து ஒன்றே: அடி குறுகி நுனி அகன்றிருப்பதால், இழுத்தால் வாராது.

இழுப்பறையை இழுக்குந்தோறும் முன்பலகை பிரிந்துவர முயல்கிறது. ஆகவே தச்சர் பக்கப்பலகையில் வாலையும், முன்பலகையில் அதற்கேற்ற முளையையும் வெட்டுவார். வாலின் சரிவுக்கும் கணக்குண்டு. மென்மரத்துக்கு ஆறுக்கு ஒன்று. வன்மரத்துக்கு எட்டுக்கு ஒன்று. சரிவு மிகுந்தால் நுனி சிதையும். குறைந்தால் பிடிப்புத் தளரும்.

அந்தமானில் வாழும் தமிழர்க்கு இதன் அருமை எளிதில் விளங்கும். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் தீவுகள் அவை. உப்புக் காற்றில் இரும்பாணி துருவேறும். ஈரத்தில் பலகை அகலவாட்டில் உப்பும். புறாவால் மூட்டில் இரு பலகைகளும் ஒரே போக்கில் உப்பிச் சுருங்குவதால் பிணைப்புக் குலைவதில்லை. 2024-இல் ஸ்ரீ விஜய புரம் எனப் பெயர் மாறிய போர்ட் பிளேரை அடுத்த சாத்தம் தீவில், 1883-இல் நிறுவப்பெற்ற மர அறுவை ஆலை உள்ளது. அத்தீவுகளின் புகழ்பெற்ற படாக் மரம், நம் வேங்கைக்கும் செம்மரத்துக்கும் உறவான வன்மரம். எட்டுக்கு ஒன்று என்னும் கணக்கு அதற்கே உரியது.

இச்சொல்லுக்கு ஆங்கிலத்தில் வேறொரு வழக்கும் உண்டு. இரு திட்டங்கள் இசைந்து பொருந்துவதையும் அவர்கள் இதே சொல்லால் குறிப்பர். மொழிபெயர்ப்புப் பணியின் தொடக்கத்தில் நாம் ஒருமுறை, ‘இரு திட்டங்களும் புறாவாலாக அமைதல் வேண்டும்’ என்று எழுதிவிட்டோம். படித்தவர்க்குச் சிரிப்பு வந்ததேயன்றிப் பொருள் விளங்கவில்லை. ‘ஒன்றோடொன்று இசைந்து பொருந்துதல் வேண்டும்’ என்று திருத்திய பின்னரே தெளிவு பிறந்தது. பட்டறையில் புறாவால் தகும். கோப்பில் பொருத்தமே தகும்.

பிற மாநிலங்களில் வாழும் நம் பிள்ளைகள் தொழிற்சொற்களை அவ்விடத்து மொழியில் கற்பது இயல்பு, வேண்டுவதுங்கூட. ஆயினும் கருவிக்கும் மூட்டுக்கும் நம் முன்னோர் வழங்கிய பெயர்களுள் பல, அகராதியைவிடத் தச்சர் நாவிலேயே தங்கியுள்ளன. அவர் ஓய்ந்தால் அவையும் ஓயும். உங்கள் குடும்பத்தில் முதிய தச்சர் ஒருவர் இருப்பாராயின், அந்த இழுப்பறையை அவர் முன் வைத்து, அம்மூலைக்கு அவர் கூறும் பெயரைக் கேளுங்கள். அதனைப் பிள்ளைகளின் கையாலேயே ஒரு குறிப்பேட்டில் எழுதச் செய்யுங்கள்.