டியூபின் உட்சுவரில்

சிறுநீர் பிரிய டியூப் போட்டிருக்கும் நோயாளிக்குக் குளிர்காய்ச்சல். ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் இறங்குகிறது. நிறுத்திய சில நாட்களில் திரும்பிவிடுகிறது. ஆய்வகத்தில் அதே மருந்துக்கு அதே கிருமி பணிகிறது. உடம்புக்குள் மட்டும் எப்படித் தப்புகிறது? டியூபின் உட்சுவரில்தான் விடை இருக்கிறது. கழுவாத தண்ணீர்த் தொட்டியில் கைவைத்தால் வழுக்குமே, அந்த மாதிரியான படலம். பெயர் பயோஃபிலிம். அது உருவாகும் வரிசை இது.

1. படிதல்: டியூப் உள்ளே போனதுமே சிறுநீரிலுள்ள புரதங்கள் அதன்மேல் படிகின்றன. வழுவழுப்பான பரப்பில் கிருமிக்குப் பிடிமானம் கிடைக்கிறது.

2. ஒட்டுதல்: ஈ.கோலை போன்ற பாக்டீரியாக்கள் தம் உடலிலிருந்து நீளும் நுண்ணிழைகளால் பற்றிக்கொள்கின்றன. தொடக்கத்தில் பிடி தளர்வுதான். பல அடித்துச் செல்லப்படும்.

3. பசை கட்டுதல்: தங்கியவை பெருகுகின்றன. சர்க்கரைச் சங்கிலிகளும் புரதமும் டி.என்.ஏ.வும் கலந்த பசை அவற்றைச் சூழ்கிறது. புரோட்டியஸ் மிராபிலிஸ் என்ற பாக்டீரியா இருந்தால் இன்னும் மோசம்: அது யூரியாவை உடைத்து அம்மோனியா உண்டாக்கும், சிறுநீர் காரமாகும், மெக்னீசியம், கால்சியம் உப்புகள் படிகமாக இறுகி டியூபையே அடைத்துவிடும்.

4. மருந்தைத் தாங்குதல்: பசை சில மருந்துகளைத் தாமதப்படுத்தும். அதைவிட முக்கியம், அடியில் நடப்பது. அங்கே ஆக்சிஜனும் உணவும் குறைவு; கிருமிகள் வளர்ச்சியை நிறுத்திக் கிடக்கின்றன. பென்சிலின் வகை மருந்துகளோ வளரும் கிருமியைத்தான் கொல்லும். 1944இல் பாக்டீரியா ஆய்வாளர் ஜோசப் பிக்கர் இதைக் கவனித்தார். பென்சிலினுக்குத் தப்பிய சில ஸ்டஃபைலோகாக்கஸ் பாக்டீரியாக்களை மறுபடி வளர்த்தபோது, அவற்றின் சந்ததி அதே பென்சிலினுக்கு மடிந்தது. தப்பியவை மரபணு மாறியவை அல்ல, உறங்கியவை. ஆய்வகத்தில் வளர்க்கும்போது அவை விழித்துவிடுகின்றன. அதனால்தான் அங்கே மருந்து ஜெயிக்கிறது.

5. கலைந்து பரவுதல்: மருந்து நின்றதும் உறங்கியவை விழித்துப் பெருகுகின்றன. படலத்திலிருந்து பிரிந்து சிறுநீரில் மிதக்கின்றன. மறுபடி காய்ச்சல்.

இந்த வரிசை தெரிந்தால் சிகிச்சையின் வரிசையும் புரியும். இரண்டு வாரத்துக்கு மேலான டியூப் என்றால், முதலில் அதை எடுக்கவேண்டும். இன்னும் தேவைப்பட்டால் புதியது போட்டு, அதிலிருந்தே சிறுநீரைப் பரிசோதனைக்கு அனுப்பவேண்டும். பழைய டியூபில் எடுத்தால் அதன் சுவரில் குடியிருப்பவையும் கலந்துவரும். டியூப் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் பாக்டீரியா சேரும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம். ஆகவே தினமும் காலையில் படுக்கையருகே கேட்கவேண்டிய கேள்வி: இந்த டியூப் இன்றைக்கும் வேண்டுமா?